கிணற்றடி ஓலை

சத்தியபாமாவின் வீட்டில், அரிசியில் புழு விழவேண்டும் என்பதற்காகவே ஓர் அறை இருந்தது. புங்குடுதீவில் மற்ற வீடுகளில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு அரிசியைக் காப்பாற்றுவார்கள். இவர் குறுணல் அரிசியைப் பேசின்களில் பரப்பி, அவற்றின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அந்துப்பூச்சி முட்டையிட்டுப் புழு பெருகும்வரை காவல் இருப்பார். மேசையின் நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நின்றன. எறும்பு ஏறினால் எல்லாம் போய்விடும்.

"எங்கட வீட்டு அரிசியிலயும் புழு விழுந்து கிடக்கு, பாமாக்கா. கொண்டுவந்து தரட்டே?" என்று வேலிப் படலையில் நின்று ஊரார் பகிடி விடுவார்கள்.

"கொண்டுவாரும். ஆனா அரிசியோடை கொண்டுவாரும்," என்பார்.

அந்தப் புழுக்கள் குளவிகளுக்கு. ஆளைக் கொட்டுகிற குளவி அல்ல. எறும்பளவில், கறுப்பாக, உற்றுப் பார்த்தால்தான் இறகு தெரிகிற ஒரு சின்னச் சாதி. தென்னோலையைத் தின்னும் கருந்தலைப் புழுவைத் தேடிப் பிடித்து, குத்தி அசையாமல் ஆக்கி, அதன் உடம்பின்மேல் முட்டையிடும். பிறக்கும் குஞ்சுகள் அந்தப் புழுவையே உறிஞ்சி வளரும். வீட்டில் வளர்க்கும்போது அரிசிப் புழுவைக் கொடுத்தால் போதும். தென்னையில் விட்டால் அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும்.

பாமா பிறந்ததும் இந்த வீட்டில்தான். நடை பழகிய வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. படலைக்கு அப்பால் தூரம் போக ஏலாத பிள்ளைக்குத் தாய் ஒரு கைத் தையல் மெசின் வாங்கிக் கொடுத்தார். அதன்முன் உட்கார்ந்து அவர் தைத்தது பெரும்பாலும் கல்யாணச் சட்டைகள். அந்த வட்டாரத்தில் மணவறையில் இருந்து எழும்பி வெளிநாடு போன பெண்களில் பாதிப்பேர் பாமா தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். அவருக்கும் தங்கை மனோகரிக்கும் கல்யாணம் அமையவில்லை. தம்பி கனடாவுக்குப் போனான். தொண்ணூறுகளின் இடப்பெயர்வில் யாழ்ப்பாணம் போய், நெடுங்காலம் கழித்துச் சகோதரிகள் இருவரும் திரும்பி வந்தபோது, சட்டை தைக்க ஊரில் பெண்கள் இல்லை. பூட்டிய வீடுகள் இருந்தன. தங்கள் வீட்டு வளவில் பழைய தென்னைகள் சிலவும் இருந்தன.

மிச்சத்தை இருவருமாக நட்டார்கள். நட்டது மனோகரி, எங்கே எவ்வளவு இடம் விட்டு நடவேண்டும் என்று கதிரையில் இருந்து கயிறு பிடித்துச் சொன்னது பாமா. கல்லும் சிப்பியும் கலந்த அந்த மண்ணில் கிணற்றடியில்தான் ஈரம் நிற்கும். கடைசியாக நட்ட கன்றுகள் அங்கே. தேங்காயும், ஒரு பசுவும், மாரியில் போடும் மிளகாயும்தான் அவர்களுடைய சீவியம். தம்பி அவ்வப்போது அனுப்புவான். அதை நம்பி அடுப்பு மூட்டியதில்லை.

ஒரு வறட்சி வருடத்தில் றோட்டுப் பக்கத்து மரங்களின் கீழோலைகள் காய்ந்தன. தண்ணீர் காணாது என்று மனோகரி வாளி வாளியாக ஊற்றினார். பிறகும் காய்ந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ தீப்பந்தம் பிடித்து மரத்தைச் சுட்டதுபோல இருந்தது. ஓர் ஓலையை இழுத்து விழுத்திப் புரட்டினால், அடிப்பக்கம் முழுக்க நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கறுத்தத் தலையோடு ஒரு புழு பச்சையைச் சுரண்டிக்கொண்டு இருந்தது. பூட்டிய வளவுகளில் ஒருவரும் பாராமல் அது பெருகியிருந்தது. அங்கிருந்து வேலியடைக்க ஓலை வெட்டிப் பின்னிய கிடுகோடு ஒழுங்கை ஒழுங்கையாக வந்திருந்தது.

விவசாயக் கந்தோரிலிருந்து துஷாந்தி என்ற இளம் பெண் வந்தாள். கடலுக்குக் குறுக்கே போட்ட வேலணைத் தாம்போதி தாண்டி வரும் பஸ்ஸில் வந்து, சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்துக் குளவியைப் பற்றிச் சொன்னாள். தீவுக்குள்ளேயே வளர்க்க ஒரு வீடு வேண்டும் என்று கேட்டாள்.

"மருந்தடிச்சா முடிஞ்சுது. பூச்சிக்குப் பூச்சி வளக்கிறதோ?" என்றார் ஒருவர்.

"உந்த உயரத்துக்கு ஆர் ஐயா ஏறி மருந்தடிக்கிறது?" என்றாள் துஷாந்தி.

மரமேறுகிறவர்கள் ஊரில் இல்லாமற்போய்க் கனகாலம். ஆனால் புழு வளர்க்கவும் ஒருவரும் முன்வரவில்லை. மனோகரி கூட்டிவந்து கடைசி வரிசையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தியிருந்த பாமா கையைத் தூக்கினார்.

"எனக்குத் தாரும், பிள்ளை. நான் எங்கையும் ஓடப் போறதில்லை."

சிரித்தவர்களோடு பாமாவும் சிரித்தார்.

முதல் வருடம் வந்த குளவிகளில் பெரும்பகுதி வெக்கையில் செத்துப்போயின. தெற்கே உள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பஸ்ஸில் வரும் கண்ணாடிக் குழாய்களைத் திறந்தால் அடியில் கறுப்புத் தூளாகக் கிடக்கும். மிஞ்சியவற்றைப் பாமா ஈரச் சாக்குச் சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார். அவற்றின் பிள்ளைகளில் தாங்கியவை, பிறகு அவற்றின் பிள்ளைகளில் தாங்கியவை என்று, இந்தத் தீவின் வெயிலுக்குப் பழகிய ஒரு பரம்பரை அந்த அறையில் உண்டானது. குழாய் ஒன்றுக்கு ஒரு பெண் குளவி, ஒரு புழு, கடதாசித் துண்டில் தொட்டு வைத்த தேன். தென்னைக்கு அனுப்ப முன்னம் கருந்தலைப் புழுவின் எச்சத்தையும் கொஞ்சம் உள்ளே வைப்பார். அந்த மணம் பிடிபட்ட குளவி மரத்தில் திகைத்து நிற்காது, நேரே புழுவின் குழாயைத் தேடிப் போகும்.

மணிக்கணக்காகப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு இருப்பார். முட்டையிட்ட தாய் அந்த இடத்தை விட்டுப் போவதில்லை என்பதை அவர் அப்படித்தான் கண்டார். குஞ்சுகள் வளர்ந்து, கூடு நூற்று உள்ளே போகும்வரை தாய் பக்கத்திலேயே நிற்கும். தூரிகை நுனியால் தள்ளினாலும் திரும்பி வரும்.

தம்பையா ஒருநாள் அதைப் பார்க்க வந்தார். எழுபது வயது கடந்தவர். அந்த வட்டாரத்தில் சாவீடு என்றால் பாடை கட்டுவதிலிருந்து பறைமேளத்துக்குச் சொல்லிவிடுவதுவரை அவர்தான். கண்ணாடிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது கடிச்சா ஏதும் செய்யுமோ, பாமா?"

"உங்களைக் கடிக்க அதுக்கு நேரமில்லை, அண்ணை. பிள்ளை பாக்குது."

"எங்கட ஊரில பிள்ளை குட்டியோடை இருக்கிறது இப்ப உதுகள் மட்டும்தான் போலை," என்றார் தம்பையா.

குழாய்களை மரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவது மனோகரியின் வேலை. மாலையில், காற்று விழுந்த நேரம் பார்த்துச் செய்யவேண்டும். குளவியைத் தூரிகையால் தொட்டு ஒரு குழாயிலிருந்து மற்றதற்கு மாற்ற அவரும் பழகிப் பார்த்தார். மண்வெட்டியும் மாட்டுக் கயிறும் பிடித்த விரல்களில் அது நசிந்துபோகும்.

"உன்ரை கை மாடு கட்டிற கை, மனோ. நீ அங்காலை போ," என்று பாமா தூரிகையை வாங்கிவிடுவார்.

இரண்டு மாரி கழிய, றோட்டுப் பக்கத்து மரங்களில் புதுக் குருத்து சுடுபடாமல் விரிந்தது. அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. துஷாந்திக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அவளுடைய இடத்துக்கு ஆள் வரவில்லை. தெற்கிலிருந்து குழாய்கள் வருவதும் நின்றது. அடுத்த வெயிலில் பூட்டிய வளவுகளிலிருந்து புழு திரும்பவும் வந்தது. இந்தமுறை பழைய மரங்களைத் தாண்டி, அப்போதுதான் முதற்பாளை விட்டிருந்த கிணற்றடித் தென்னைகளில் ஏறியது. ஓலைகள் இன்னும் பச்சைதான். ஆனால் புரட்டிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழாய்கள் தொடங்கியிருந்தன. பெரிய மரம் ஓலை இழந்தாலும் இரண்டொரு வருடம் தாங்கும். இளமரம் தாங்காது.

அதே மாதத்தில்தான் பாமாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் படம் எடுத்துப் பார்த்து, இருதயம் பெருத்திருக்கிறது என்றார்கள். அங்கேயே இருக்கச் சொன்னதற்கு, குளவிக்குத் தேன் வைக்க ஆளில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த பிறகு, தூரிகை பிடிக்கும் கை நடுங்குவதைக் கண்டார். தான் படுத்துவிட்டால் அறையில் உள்ளது ஒரு கிழமை தாங்காது என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் ஒரு முடிவு எடுத்தார். குழாயில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் கிணற்றடித் தென்னைகளில் விட்டுவிடுவது. அங்கே புழு இளம் பருவத்தில் இருந்தது. ஓலை கையெட்டும் உயரம். மனோகரியால் ஓலை ஓலையாக விடமுடியும். அங்கே குடிகொண்டு ஒருமுறை பெருகிவிட்டால், பிறகு அவை தாமாகவே மற்ற மரங்களுக்குப் பரவும். வளர்க்க ஆள் தேவைப்படாது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று ஓயாமல் வீசிய நாட்கள். ஒரு மாலை கொஞ்சம் அடங்கியது. கிணற்றுக் கட்டோரம் கதிரையைப் போட்டு அக்காவை இருத்திவிட்டு, மனோகரி ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஓலை ஈர்க்கில் வைத்தார். கடைசிக் குழாய் முடிந்தபோது பாமா சொன்னார்:

"மனோ, ஒண்டு சொல்லுறன். அழாமக் கேள். நான் செத்தா உந்தக் கிணத்தடி ஓலையில ஆரையும் கைவைக்க விடாதை."

"உனக்கு விசரே? ஆர் இப்ப சாகப் போறது?"

"நான்தான். வேறை ஆர்? தம்பையா அண்ணை பாடைக்குப் பச்சையோலை தேடுவார். எட்டி வெட்டக்கூடிய மரம் இந்த வட்டாரத்தில உதுகள் மட்டும்தான். எல்லாரும் நேர உங்கைதான் வருவினம்."

அது உண்மை. சாவீட்டுக்கு ஓலை வெட்ட அந்த ஊரில் ஒருவரும் அனுமதி கேட்பதில்லை. யாருடைய வளவென்றாலும் போய் வெட்டுவார்கள். மறிப்பவரும் இல்லை. பாடையின் அடியும் மேற்கூடும் பச்சையோலையில் பின்னவேண்டும், படலையில் குருத்தோலை கட்டவேண்டும், பந்தலுக்கும் ஓலை வேண்டும்.

"அப்ப உன்னை என்னெண்டு கொண்டுபோறது?" என்றார் மனோகரி.

"துணியைச் சுத்துங்கோ. அலுமாரியில வெள்ளைத் துணி மடிச்சு வைச்சிருக்கிறன். ஒரு மாசம் உதுகளைத் தொடாம விட்டாக் காணும். பேந்து என்னத்தையும் வெட்டுங்கோ."

"சரி."

"சும்மா சரி எண்டாதை."

"சரியெண்டு சொல்லிட்டனெல்லே, அக்கா. குளிர்காத்து. உள்ளுக்கு வா."

அதற்குப் பிறகு பாமா இருந்தது இரண்டு கிழமைக்கும் குறைவு. எழும்ப முடிந்த நாட்களில் யன்னலோரம் இருந்து கிணற்றடியைப் பார்ப்பார். மனோகரி ஓர் ஓலை நுனியைக் கிள்ளிக் கொண்டுவந்து காட்டினார். குழாயைப் பிரித்துக் கண்ணாடியால் பார்த்த பாமா, "இருந்திட்டுது, மனோ. முட்டை வைச்சிட்டுக் காவல் நிக்கிது," என்றார். அதைப் பார்த்து முடித்த கையோடு, கிள்ளிய துண்டைத் திரும்பக் கொண்டுபோய் ஓலையிலேயே கட்டிவிடச் சொன்னார். ஒரு விடியற்காலை மனோகரி தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

தம்பையா வந்தார். கூடவே, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஓட்டும் நிரோஜன் கத்தியோடும் கொக்கத்தடியோடும் வந்தான். வந்தவன் நேரே கிணற்றடிக்குப் போனான். மனோகரி அழுகையை விட்டு எழும்பி ஓடினார்.

"அதை வெட்டாதை, தம்பி. அக்கா வேண்டாமெண்டு சொன்னவ."

நிரோஜன் திகைத்துப்போய்த் தம்பையாவைப் பார்த்தான். மனோகரி விசயத்தைச் சொன்னார். தம்பையா கேலி செய்யவில்லை. குளவியைக் கண்ணாடியால் பார்த்தவர் அவர்.

"அவவின்ரை சொல்லைத் தட்டேலாது. வேறை எங்கையும் பார், நிரோஜன்," என்றார்.

நிரோஜன் வளவு வளவாகப் போய் வந்தான். பூட்டிய வளவுகளில் ஓலையெல்லாம் கருகிக் கிடந்தது. பச்சை நின்ற மரங்களில் ஏற ஆளில்லை. வேலணைக்குப் போய் வெட்டிவர லான்ட்மாஸ்ரரில் எண்ணெய் இருந்தது. ஆனால் பொழுது சாய முன்னம் பிரேதத்தை எடுக்கவேண்டும், பின்னவும் நேரம் வேண்டும்.

"அப்ப துணியே சுத்துவம். அவ சொன்னபடி," என்றார் தம்பையா.

அலுமாரியில் இருந்த வெள்ளைத் துணியை எடுத்தார்கள். அதன் ஓரங்களையும் பாமா மடித்துத் தைத்து வைத்திருந்தார். தம்பையா தடிகளைச் சேர்த்துக் கட்டி, அடியில் பழைய கிடுகு ஒன்றைப் போட்டு, துணியைச் சுற்றினார். அழகாகத்தான் சுற்றினார். பாடையை முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மேற்கூட்டின் தடிகள் துணிக்குள்ளால் எலும்பு மாதிரித் தெரிந்தன. காற்று வந்து துணியைத் தூக்கியது.

நயினாதீவிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட மச்சாள் ஒருத்தி வாயில் சேலையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்ன கோலமிது? ஆக்களில்லாத பிணத்தைக் கட்டின மாதிரி."

கனடாவிலிருந்து தம்பி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் ஓலை இல்லை? காசு அனுப்பிறன், ஆரையும் பிடிச்சுச் செய்யுங்கோவன்," என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். போனைப் பிடித்திருந்தவர் அதைக் கவிழ்த்துப் பிடித்தார்.

மனோகரி பாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை தைத்துக் கொடுத்த ஒரு கல்யாணத்துக்கும் அக்கா போனதில்லை. காலை இழுத்துக்கொண்டு சபைக்குள் போகக் கூச்சம். கோயில் தேருக்கும் படலைவரைதான். இவருக்கென்று ஒரு பந்தலும் போட்டதில்லை, இவரை ஒருவரும் முற்றத்தில் வைத்துச் சோடித்ததில்லை. ஊர் கூடி இவருக்குச் செய்யப்போவது இது ஒன்றுதான். அதுவும் வெறும் தடியில்.

அவர் கிணற்றடிக்கு நடந்தார். நிரோஜன் அங்கே தொட்டியில் கால் கழுவிக்கொண்டு நின்றான்.

"வெட்டு, தம்பி."

"அக்கா, நீங்கள்தானே..."

"வெட்டெண்டா வெட்டு. நல்ல ஓலையாப் பாத்து வெட்டு."

தம்பையா பின்னால் வந்தார். "பிள்ளை, துணி காணும். நான் ஆக்களுக்குச் சொல்லுறன். நீ யோசிச்சுப் போட்டுச் செய்."

"யோசிச்சிட்டன், அண்ணை. என்ரை அக்காவைத் துணி சுத்தி அனுப்ப என்னால ஏலாது."

தம்பையா நிரோஜனிடம், ஒரு மரத்திலாவது ரெண்டு ஓலையை விடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓலைகள் முற்றத்துக்கு வந்தன. பெண்கள் உட்கார்ந்து பின்னினார்கள். பின்னும்போது குழாய்கள் உடைந்து எச்சம் மடியில் கொட்டியது, தட்டிவிட்டார்கள். தன் கையில் இருந்த ஓலையின் அடிப்பக்கத்தில், பிரிந்த நூலுக்குள், மெலிந்து சுருங்கிய ஒரு புழுவையும் அதன்மேல் குந்தியிருந்த கறுப்புப் புள்ளியையும் மனோகரி கண்டார். இலேசாக ஊதினார். அது போகவில்லை. பக்கத்தில் இருந்தவள், "தா அக்கா, நான் பின்னுறன்," என்று ஓலையை வாங்கிக்கொண்டாள்.

பாடை நிறைந்த பச்சையாக இருந்தது. மேற்கூட்டில் குருத்து தொங்க, நான்கு மூலையிலும் ஓலைக்கிளி செய்து தம்பையா கட்டியிருந்தார். படலையில் தோரணம். பறைமேளம் தொடங்கியது. ஒழுங்கை திரும்பும் முடக்குவரை பெண்கள் போனார்கள். அதற்கு அப்பால் ஆண்கள்தான் சுடலைக்குப் போவார்கள். முடக்கில் நின்று மனோகரி பார்த்தார். தோள்களின்மேல் பச்சைப் பாடை பனைகளுக்கு நடுவே அசைந்து போனது. அதோடு எல்லாம் எரிந்தது. பாடையில் போன ஓலைதான் எரிக்கப்படும் என்றாலும், பந்தலிலும் படலையிலும் கட்டிய ஓலையையும் மறுநாள் வளவு கூட்டியவர்கள் சேர்த்துக் குவித்துக் கொளுத்தினார்கள். சாவீட்டுக் குப்பையை வைத்திருப்பதில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு மனோகரி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நிரோஜன் விட்ட ஓலைகளை ஈர்க்கு ஈர்க்காகப் பார்த்தார். குழாய்களுக்குள் புழு கொழுத்திருந்தது. ஒவ்வொரு நாளும் மாட்டைக் கட்டிவிட்டு வந்து பார்த்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் துஷாந்தி வவுனியாவிலிருந்து வந்தாள். சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மச்சாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எட்டு ஊரில பாத்திட்டன். பாமாவின்ரை பாடை மாதிரி ஒண்டு பாக்கேல்லை. என்ன பச்சை!"

மனோகரி பந்தியில் சோறு போட்டுக்கொண்டு வந்தவர், அவளுடைய இலையிலும் போட்டுவிட்டு நகர்ந்தார்.

ஆட்கள் போன பிறகு துஷாந்தியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். துஷாந்தி எட்டிப் பார்த்துத் தேடி, ஓர் ஓலையின் நடுப்பகுதியில் கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தாள். அரிசிக் குறுணலைவிடச் சிறிய, வெண்பழுப்பு நிறக் கூடுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை.

"வெளிக்கிட்டிருக்கு, அக்கா. உயிரோடதான் வெளிக்கிட்டிருக்கு."

"எங்கை போயிருக்கும்?"

"தெரியாது. காத்து இழுத்துக்கொண்டு போனா..." துஷாந்தி வெட்டுப்பட்ட மட்டைகளைப் பார்த்தாள். "நிரோஜன் தெரியாம வெட்டிட்டாரோ?"

"இல்லை. நான்தான் வெட்டச் சொன்னனான். அவ வேண்டாமெண்டு என்னட்டைச் சொல்லிட்டுத்தான் போனவ."

துஷாந்தி கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மிச்ச ஓலைகளையும் புரட்டிப் பார்த்தாள்.

துஷாந்தி தன் பழைய பழக்கத்தில் தெற்கில் கேட்டு, ஒரு சின்னப் பெட்டி குழாய்களை எடுத்துக் கொண்டுவந்து தந்தாள். மண்பானை, ஈரச் சாக்கு, தண்ணீர்ச் சிரட்டை எல்லாம் அக்கா வைத்தபடியே மனோகரி வைத்தார். பெரும்பாலானவை செத்தன, சில மிஞ்சின. மிஞ்சியவற்றின் குஞ்சுகள் கூட்டை விட்டு வந்தவுடனே, ஒன்றையொன்று நெருக்கி நசித்துவிடும் என்ற பயத்தில் பெண் குளவிகளைத் தனித்தனிக் குழாயில் மாற்றினார். இந்தமுறை ஒன்றும் விரலில் நசியவில்லை. முட்டையும் இட்டன, தாய்கள் காவலும் நின்றன. ஆனால் ஆணோடு சேராத குளவி இடும் முட்டை ஆணாக மட்டுமே பொரிக்கும். கொஞ்ச நாள் ஒன்றாக விட்டுவைத்துச் சேர்ந்தபின்தான் பிரிக்கவேண்டும். அடுத்த தலைமுறை முழுவதும் ஆண். போனில் துஷாந்தி சொல்லித்தான் மனோகரிக்கு அது தெரிந்தது.

"எல்லாமோ?"

"ஓம், அக்கா. எல்லாம்."

"அப்ப இனி?"

"இதோடை இது முடிஞ்சுது. வேறை வந்தாப் பாப்பம்."

வேறு வரவில்லை. மனோகரி பேசின்களைக் கழுவிக் கவிழ்த்தார்.

மாரி பிந்தியது. ஐப்பசியிலேயே கிணற்றடித் தென்னைகள் கருகிவிட்டன. மழை வந்தபோது புழு குறைந்ததுதான்; ஆனால் இளமரங்களின் குருத்து அதற்குள் சாய்ந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகத் தலை விழுந்தது. பழைய மரங்கள் நின்றன, காய் பிடிக்கவில்லை. பிடித்த குரும்பைகளும் கொட்டின. தம்பி போனில், கிணற்றடியைத் துப்புரவாக்கி வாழை வைக்கலாமே என்றான். ஓம் என்றார். வைக்கவில்லை.

ஒரு வருடம் முடிந்து பாமாவின் ஆட்டைத் திவசம் வந்தது. படையலுக்கும் கறிக்கும் தேங்காய் வேண்டும். தம்பையா முதல்நாள் சந்தைக் கடைக்குப் போய், ஒரு பையில் வாங்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் வைத்தார்.

"எந்த ஊர்த் தேங்காய், அண்ணை?"

"கடைக்காரனுக்கும் தெரியாது, பிள்ளை. லொறியில வந்து இறங்கினதாம்."

மனோகரி ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஆடியது.

"நல்ல காய்தான்," என்றார். தேங்காய் துருவும் திருவலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.